சாட்சி என்ற இடத்தில் உன் கையெழுத்து

தம்பி,

நலமா என்று கேட்டுத் தொடங்க இன்று எனக்கு மனம் வரவில்லை. நேற்று மாலை நீ கிளம்பும்போது தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு தாளை வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். "என் பழைய வண்டியைக் கொடுத்துப் புது வண்டி எடுத்த அன்று, மீதமிருந்த நீட்டிப்பு வாரண்டியை ரத்து செய்து பணத்தைத் திரும்பப் பெறலாம் என்பது எனக்குத் தெளிவாக விளக்கப்பட்டது. அதன் பிறகே, வேண்டாம் என்று நான் கையெழுத்திட்டேன்" என்று அதில் அச்சடித்திருக்கிறது. நான் எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று பென்சிலால் ஒரு பெருக்கல் குறியும் போட்டிருக்கிறாய். போட்டுக் கொடுத்தால் தலைமை அலுவலகம் என் புகாரை மூடிவிடும். நீ அடுத்த வாரம் கோயம்புத்தூருக்குப் போய், புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு விற்பனை கற்றுத்தரும் பதவியில் உட்காருவாய். போடாவிட்டால் உனக்கு இருக்கிற வேலையும் போய்விடும் என்கிறாய். நாளைக் காலை அந்தத் தாளை வாங்க வருவாய். அப்போது அதற்குப் பதிலாக இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுக்கப்போகிறேன். போட்டேனா இல்லையா என்பதை ஒரே சொல்லில் சொல்லிவிடலாம். சொன்னால் நீ மேற்கொண்டு படிக்கமாட்டாய், உன்னை எனக்குத் தெரியும். அதனால் அது கடைசியில்.

எனக்கு நாற்பத்து நான்கு வயதாகிறது. பத்தொன்பதில் தாமலிலிருந்து இந்த நெசவுத் தெருவுக்கு மருமகளாக வந்தேன். இருபதில் நீ பிறந்தாய். இத்தனை ஆண்டுகளில் என் பெயரில் இருந்தவை ரேஷன் அட்டையில் ஒரு வரியும் நூலக உறுப்பினர் அட்டையும்தான். மூன்றாவதாக வந்தது அந்த வெள்ளைக் கார். பட்டுக் கடையில் பில் போட்டுச் சேர்த்த பணத்தில் அதை வாங்கினேன். குழித்தறியில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு போன உன் அப்பாவைப் பஸ்ஸில் ஏற்றி இறக்க முடியவில்லை என்று எல்லாரிடமும் காரணம் சொன்னேன். அது உண்மைதான். ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் உரிமையாளராக என் பெயரைப் பார்க்கவேண்டும் என்ற ஆசையும் உண்மை; அதை யாரிடமும் சொன்னதில்லை. ஓட்டுநர் பள்ளிக்காரர், "மேடம், நீங்க தாமல் ஏரிக்கரையில போய் ஓட்டிப் பழகுங்க. மோதறதுக்கு அங்க மாடு மட்டும்தான் இருக்குது, அதுவும் ஒதுங்கிக்கும்" என்றார். நாற்பது வயதுக்கு மேல் என் ஊர் ஏரிக்கரையில் முதல் கியரில் ஊர்ந்துபோனபோது, எதிரில் வந்த பெண்கள் தலையிலிருந்த புல்லுக்கட்டோடு நின்று பார்த்தார்கள். அந்தச் சந்தோஷத்துக்கு இணையாக என் வாழ்க்கையில் வேறொன்றைச் சொல்லத் தெரியவில்லை.

அந்த வண்டியை வாங்கிய நாளில் நீயும் கூட இருந்தாய். கம்பெனி தருகிற மூன்று வருட வாரண்டிக்கு மேல் இன்னும் இரண்டு வருடத்துக்குத் தனியாகப் பணம் கட்டி நீட்டித்துக்கொள்ளலாம் என்று விற்பனைப் பையன் சொன்னான். இருபத்திரண்டாயிரம் ரூபாய். நான் அந்தச் சிறு புத்தகத்தைக் கேட்டு வாங்கி, அங்கேயே சோபாவில் உட்கார்ந்து முழுவதும் படித்தேன். பஜ்ஜி சுற்றிவந்த தாளைக்கூட எண்ணெய்க் கறைக்கு நடுவே படிக்கிறவள் நான். முக்கால் மணி நேரம் ஆயிற்று. "மேடம் பரீட்சைக்குப் படிக்கிறாங்கபா, யாரும் தொந்தரவு பண்ணாதீங்க" என்று அந்தப் பையன் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். உன் முகம் சிவந்துபோயிற்று. "ம்மா, எல்லாரும் பாக்கறாங்கம்மா. மூடிட்டுக் குடும்மா" என்று என் காதில் சொன்னாய். நான் மூடவில்லை. படித்து முடித்துவிட்டுத்தான் பணம் கட்டினேன். ஆறு மாதம் கழித்து அதே ஷோரூமில் உனக்கு வேலை கிடைத்தபோது, "படிக்கிற மேடத்தோட புள்ள" என்று அங்கே உன்னைக் கேலி செய்தார்கள் என்று சொன்னாய். அந்தக் கேலி உன்னை எவ்வளவு உறுத்தியிருக்கும் என்று அன்று எனக்குத் தெரியவில்லை. நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே நீ சொன்ன கதை நினைவிருக்கிறதா? "டெலிவரிய எப்பவும் நல்ல நேரம் முடியறதுக்கு இருபது நிமிஷம் முன்னாடிதாம்மா வைப்போம். பேப்பர்லாம் ரெண்டு நாள் முன்னாடியே ரெடியா இருக்கும், குடுக்க மாட்டோம். வெள்ளிக்கிழமைன்னா பத்து மணிக்கு வரச் சொல்லுவோம். பத்தரைக்கு ராகு காலம். நம்மூரு ஆளு எவனாவது அதுக்கப்புறம் சாவி வாங்குவானா? குடு குடுன்னு கையெழுத்துப் போட்டுட்டு ஓடுவான். ஒரு கேள்வி கேக்கமாட்டான்." உன் அப்பா அதற்கு விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன், தம்பி. கோயில் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் இந்த ஊரில் கடை திறக்கிறார்கள். அந்த பக்தியையே கொக்கியாக வளைத்து மாட்டுகிறார்கள் என்று எனக்கு அப்போது தோன்றியிருக்கவேண்டும். தோன்றவில்லை. என் பிள்ளை சாமர்த்தியசாலி ஆகிவிட்டான் என்று நினைத்து இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினேன். மாட்டிக்கொள்கிறவர்கள் யாரோ வேறு மனிதர்கள் என்ற நினைப்பு.

இரண்டரை வருடம் ஆனபோது நீதான் வண்டியை மாற்றலாம் என்றாய். அப்பாவுக்கு ஏறி இறங்க உயரமான வண்டி வேண்டும், பழைய வண்டிக்கு இந்த மாதம் நல்ல விலை, அடுத்த மாதம் கிடைக்காது என்று அடுக்கினாய். அந்த மாத விற்பனைக் கணக்கில் உனக்கு ஒரு வண்டி குறைகிறது என்பதும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. போனில் யாரிடமோ நீ கெஞ்சிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. அதற்காகவே சம்மதித்தேன். உனக்கு நான் செய்யும் உதவி என்று நினைத்துக்கொண்டேன். தை மாத வெள்ளிக்கிழமை. பத்து மணிக்கு வரச் சொன்னாய். வந்தோம். அப்பா புது வண்டிக்குள் எலுமிச்சம்பழங்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எட்டுத் தாள்களை விசிறிபோல விரித்து என் முன்னே வைத்தாய். எல்லாவற்றிலும் பென்சில் குறிகள்.

"படிச்சிட்டுப் போடறேனேடா."

"ம்மா, மணி பத்து பத்து. நான் படிக்காததா? மார்க் பண்ண இடத்துலலாம் போடு. கோயில்ல குருக்கள் வேற காத்துக்கினு இருக்காரு."

உன் கூட வேலை செய்கிறவர்கள் இரண்டு பேர் சுற்றி நின்றார்கள். முன்பு என்னைக் கேலி செய்த அதே விற்பனைப் பையனும் அவர்களில் ஒருவன். பெற்ற மகன் நீட்டும் தாளை அவர்கள் எதிரில் சந்தேகப்பட்டுப் படித்தால் உனக்கு அவமானம் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், ராகு காலத்தில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. உன் முகம் இன்னொரு முறை சிவக்கக்கூடாது என்பதுதான் எனக்கு அன்று ராகு காலம். எட்டுத் தாளிலும் போட்டேன். பத்து இருபத்தைந்துக்குச் சாவி என் கையில் இருந்தது. எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி நசுக்கிவிட்டுச் சாலைக்கு வந்தபோது, உன் அப்பா "எல்லாம் நல்லபடியா ஆச்சுடி" என்றார்.

மூன்று வாரம் கழித்து, கடையில் பில் மேசையில் உட்கார்ந்திருந்தபோது ஒரு அழைப்பு வந்தது. "யக்கா, வணக்கம்க்கா. நான் மாகறல்லேருந்து பேசறேன். உங்க வெள்ள வண்டிய நான்தான் எடுத்துக்கினு வந்துருக்கேன்" என்றது ஒரு குரல். வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "பொண்ணு மாதிரி வச்சிருந்துருக்கீங்கக்கா. நான் அதுல மல்லாட்ட மூட்ட ஏத்தலாம்னு இருக்கேன், திட்டிடாதீங்க" என்றார். என் வண்டியில் கடலை மூட்டையா என்று நானும் சிரித்தேன். பிறகு அவர் விஷயத்துக்கு வந்தார்.

"வாரண்டிய எம்பேருக்கு மாத்தறாங்களாம்க்கா. பழைய ஓனர் போனுக்கு ஒரு நம்பர் போவும், கேட்டு வாங்குன்னாங்க. ஓடிபி. வந்துச்சா பாருங்க."

"எந்த வாரண்டிப்பா?"

"அதான்க்கா, பாக்கி ரெண்டு வருஷம் இருக்குதே. தனியா இருபத்தஞ்சாயிரம் கட்டினேனே. வண்டி வெலையில சேராதாம் அது."

போனில் நான்கு எண்கள் வந்து நின்றுகொண்டிருந்தன. நான் கட்டிய இருபத்திரண்டாயிரத்தை, இன்னும் தொடங்கக்கூட இல்லாத அந்த இரண்டு வருடத்தை, யாரோ இருபத்தைந்துக்கு விற்றிருக்கிறார்கள் என்று அந்த நிமிடத்தில் முழுதாகப் புரியவில்லை. ஏதோ சரியில்லை என்று மட்டும் புரிந்தது. ஆனால் அந்த மனிதர் பணம் கட்டியவர். அவர் மேல் என்ன தப்பு? எண்களைச் சொன்னேன். "நல்லா இருக்கணும்க்கா நீங்க" என்று வைத்துவிட்டார்.

அன்று வீட்டுக்கு வந்து பழைய வண்டியின் தாள்களைப் போட்டுவைத்திருந்த மஞ்சள் பையைக் கவிழ்த்தேன். அந்தச் சிறு புத்தகம் இருந்தது. பதினோராம் பக்கத்தில், நான் முன்பே படித்து மறந்துபோன பத்தி. நீட்டிப்புக் காலம் தொடங்கும் முன்பு வண்டியை விற்றால், ஆர்.சி.யில் பெயர் மாறுவதற்குள் எழுதிக் கேட்டால், சிறு தொகையைக் கழித்துக்கொண்டு மீதியை உரிமையாளருக்கே திருப்பித் தருவார்கள்; அவர் விரும்பினால் வாங்குகிறவர் பெயருக்கு மாற்றிக்கொடுக்கலாம். அவர் விரும்பினால். மறுநாள் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, உன்னிடம் சொல்லாமல் ஷோரூமுக்குப் போனேன். நீ அன்று வாடிக்கையாளர் வீட்டுக்குப் போயிருந்தாய். பழைய வண்டிப் பிரிவின் மேலாளர் எனக்குத் தேநீர் கொடுத்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டார்.

"என்ன மேடம், உங்க பையன் இருக்கற எடத்துக்கு நீங்க கம்ப்ளைண்ட்டோட வர்றீங்களே. வீட்லயே கேட்டிருக்கலாமே."

"ரீஃபண்ட் ஃபார்ம் எனக்கு யாரும் தரலயே."

"அதுக்குத்தான் வேணாம்னு எழுதிக் குடுத்திருக்கீங்களே மேடம். ஓடிபியும் நீங்களேதான் சொல்லிருக்கீங்க. இதோ ஃபைல்ல இருக்குது பாருங்க. உங்க கையெழுத்து. சாட்சிக் கையெழுத்துகூட நம்ம வீட்டு ஆளுதான்."

எட்டுத் தாள்களில் ஆறாவது அது. "மீதமுள்ள வாரண்டி தொடர்பாக எந்தத் தொகையும் கோரமாட்டேன்; அதன் உரிமையை நிறுவனத்துக்கு விட்டுக்கொடுக்கிறேன்." கீழே என் பெயர். அதற்கும் கீழே, சாட்சி என்ற இடத்தில், உன் கையெழுத்து. உன் பெயரின் கடைசி எழுத்தைச் சுழித்து மேலே தூக்கிவிடுவாயே, அந்தச் சுழியோடு. ஐந்தாம் வகுப்பில் நான் கையைப் பிடித்துப் போடப் பழக்கிய கையெழுத்து. அந்தத் தேநீரை முழுவதும் குடித்தேன். ஏன் குடித்தேன் என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, ஷோரூம் பக்கத்தில் நீ தங்கியிருக்கும் அறையிலிருந்து வீட்டுக்கு வந்தபோது கேட்டேன். அப்பா தறியில் இருந்தார். நீ தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அது எல்லா கஸ்டமர்க்கும் போற ஃபார்ம்தாம்மா."

"எல்லாருக்கும்னா?"

"எல்லாருக்கும்தான். கேக்கறவங்களுக்கு வேற ஃபார்ம் இருக்குது. நீ கேக்கல."

"கேக்கணும்னு எனக்குத் தெரியாதேடா. உனக்குத் தெரியும்."

"அதுக்கு நான் இன்னா பண்றது? அவங்க கேக்கல, நாம சொல்லல. இது நீ சொன்னதுதானேம்மா."

தறிச் சத்தம் நின்றது. நீ கையைக் கழுவிக்கொண்டு வெளியே போய்விட்டாய். உன் அப்பா உன்னைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்த்தார். நீ எதை நினைத்து அதைச் சொன்னாய் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அது நீ பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்த சமயம். சனிக்கிழமைகளில் ஸ்கூட்டரில் வந்து என்னைக் கடையிலிருந்து கூட்டிக்கொண்டு போவாய். அப்படி ஒரு சனிக்கிழமை திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மாவும் பெண்ணும் முகூர்த்தச் சேலை எடுக்க வந்திருந்தார்கள். எடுத்தது அரக்கு நிறம். அதில் இருந்தது கலப்பு ஜரிகை. விற்பனைக்காரர் அதை அசல் ஜரிகை என்று சொல்லவில்லை. அசல் ஜரிகைச் சேலைகளுக்கு நடுவில் வைத்து எடுத்தார், அந்த வரிசையின் விலையைச் சொன்னார், அவ்வளவுதான். அந்த அம்மா பில் மேசையில் என்னிடம், "ஏம்மா, என் பொண்ணுக்கு இது நல்லா இருக்குமா?" என்று கேட்டார். "லட்சணமா இருக்கும்மா" என்றேன். பக்கத்தில் நின்று நீ பார்த்துக்கொண்டிருந்தாய். வழியில், ரயில்வே கேட்டில் நின்றபோது, "ஏம்மா அது ஒரிஜினல் இல்லன்னு சொல்லல?" என்று கேட்டாய். "அவங்க கேக்கல, நாம சொல்லல. கேட்டிருந்தா நான் பொய் சொல்லியிருக்க மாட்டேன்" என்றேன். அந்தப் பதில் எனக்கே பிடித்திருந்தது. பொய்க்கும் வேலைக்கும் நடுவே நிற்க ஒரு இடம் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தேன். பத்தொன்பது வயதுப் பிள்ளை கேட்ட ஒரே நேர்மையான கேள்வியை என் சாமர்த்தியத்தால் மூடினேன். கேட் திறந்தது, நீ வண்டியை எடுத்தாய். அதற்குப் பிறகு அந்த மாதிரி ஒரு கேள்வியை நீ என்னிடம் கேட்கவே இல்லை.

ஆகவே இந்தக் கசப்பில் என் பங்கை நான் தள்ளவில்லை. ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அந்த அம்மா எனக்கு யாரோ. நான் உனக்கு யார்? இருபத்திரண்டாயிரம் வேண்டும் என்று கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். ஒரு வண்டி குறைகிறது, வாரண்டியையும் விட்டுக்கொடு, எனக்கு அதில் ஊக்கத்தொகை உண்டு என்று சொல்லியிருந்தால் படித்துப் பார்த்துவிட்டே கையெழுத்துப் போட்டிருப்பேன். நீ கேட்கவில்லை. கேட்டால் அம்மா கொடுப்பாள் என்று தெரிந்தும், எடுத்துக்கொள்வது சுலபமாக இருந்தது. வண்டி மாற்றிய மாதக் கடைசியில் எனக்கு ஒரு புத்தக அலமாரி வாங்கி வந்தாய். "இன்சென்டிவ் வந்துச்சும்மா" என்றாய். தெருவில் நாலு வீட்டுக்குக் காட்டினேன். அது எந்த ஊக்கத்தொகை என்று இப்போது தெரிகிறது. அலமாரி அங்கேயேதான் இருக்கிறது. மரம் என்ன செய்யும்.

சரிசெய்கிறேன் என்றாய். ஒரு மாதம் காத்திருந்தேன். நான் பேசினால் "பாக்கறேம்மா", இரண்டாவது முறை பேசினால் "மீட்டிங்ல இருக்கேம்மா." பிறகுதான் தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். அதில் இன்னொரு தப்பு செய்தேன். உன் பெயரை எழுதவில்லை. ஷோரூம் இப்படி ஒரு தாளில் கையெழுத்து வாங்குகிறது என்று மட்டும் எழுதினேன். அடி ஷோரூம் மேல் விழும், உன் மேல் விழாது என்று கணக்குப் போட்டேன். பாதி உண்மை எழுதினால் மீதியை அடுத்தவர் தமக்கு வேண்டியபடி எழுதிக்கொள்வார் என்று இத்தனை புத்தகம் படித்தவளுக்குத் தெரியவில்லை. "வாடிக்கையாளரின் சொந்த மகனே விளக்கிச் சொல்லி, சாட்சிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார், விளக்கவில்லை என்றால் அது அவருடைய தனிப்பட்ட தவறு" என்று ஷோரூம் பதில் எழுதிவிட்டது. உனக்கு அந்தத் தாளைக் கொடுத்து வைத்த மேலாளர், ஊக்கத்தொகைக்குக் கையெழுத்திட்ட மேலாளர், எனக்குத் தேநீர் கொடுத்த மேலாளர், எல்லாரும் ஒரே நாளில் பின்னால் நகர்ந்துகொண்டார்கள். நீ மட்டும் முன்னால் நிற்கிறாய். அதனால்தான் இந்தப் புதுத் தாள்.

நேற்று நீ போன பிறகு உன் அப்பா தறியிலிருந்து ஏறி வந்து உட்கார்ந்தார்.

"போட்டுக் குடுத்துடுடி. பெத்த புள்ள சோத்துல மண்ண அள்ளிப் போடுவியா? இருபதாயிரம் இன்னா பெரிய பணம், நான் ரெண்டு சேல கூட நெய்ஞ்சா வந்துடும்."

"பணம் வேணாங்க எனக்கு."

"பின்ன இன்னாதான் வேணும்? எழை அறுந்தா முடிச்சுப் போட்டுத்தானே நெய்யிறோம். கட்டிக்கறவளுக்கு முடிச்சு தெரியுமா? சேல சேலதானே."

"அறுத்து எறின்னு நான் சொல்லல. முடிச்சு இருக்குதுன்னு சொல்லணும்றேன்."

"நீ படிச்சவ. உங்கிட்ட பேசி யாரு ஜெயிக்கறது" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். இன்று காலை காபியை மட்டும் வாங்கிக்கொண்டு தறிக்குப் போய்விட்டார்.

நீ கோயம்புத்தூரில் முப்பது நாற்பது பிள்ளைகளை எதிரில் உட்காரவைத்துப் பேசப்போவதாகச் சொன்னாய். எனக்கு அந்தப் பிள்ளைகள்தான் நேற்றிலிருந்து கண்ணில் நிற்கிறார்கள். நல்ல நேரம் முடிவதற்கு இருபது நிமிடம் முன்னால் டெலிவரி வைக்கவேண்டும் என்பதை அவர்களுக்குச் சிரித்துக்கொண்டே சொல்லுவாய். அவர்கள் அதை வீட்டில் போய்ச் சொல்லுவார்கள், அவர்களுடைய அம்மாக்களும் ரசம் ஊற்றிக்கொண்டே சிரிப்பார்கள். நீ அவர்களுக்கு வேறொன்றையும் சொல்லலாம், தம்பி. பழைய வண்டியைக் கொடுத்து மாற்ற வருகிறவரிடம், சாவியை வாங்குமுன், உங்கள் வாரண்டியில் மீதம் இருக்கிறது, ஆர்.சி. பெயர் மாறுவதற்குள் எழுதிக் கொடுங்கள், வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று மீட்டரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், நாங்கள் வாங்கிக்கொண்டோம் என்று முத்திரை போட்ட நகலைக் கேட்டு வாங்குங்கள் என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். பணம் வேண்டாம், வாங்குகிறவருக்கே போகட்டும் என்றால், அந்த விலையையும் வண்டி விலையில் சேர்த்துக் கேளுங்கள் என்று சொல்ல இன்னொரு நிமிடம். தாள்களை இரண்டு நாள் முன்பே வீட்டுக்கு அனுப்பிவிட்டால், ராகு காலம் பாட்டுக்கு வந்துவிட்டுப் போகும். இதனால் நீ விற்கும் வண்டிகள் குறையலாம். குறையட்டும்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நீ அன்று சொன்ன வார்த்தைக்குப் பிறகு என்னால் அந்த மேசையில் பழையபடி உட்கார முடியவில்லை. போன மாதம் ஒரு பெண்மணியிடம், அவர் கேட்காமலே, "இது கலப்பு ஜரிகைம்மா, இந்த விலைக்கு வேணாம்" என்று சொன்னேன். அவர் சேலையை வைத்துவிட்டுப் போய்விட்டார். முதலாளி என்னைத் திட்டவில்லை. மறுநாள் முதல் பில் மேசைக்கு வேறு பெண்ணை வைத்து, என்னைப் பின்னால் சேலை மடித்து அடுக்கும் அறைக்கு அனுப்பிவிட்டார். சம்பளம் குறைந்திருக்கிறது. இதை உன்னிடமும் அப்பாவிடமும் சொல்லவில்லை. தியாகம் செய்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ள இதில் ஒன்றும் இல்லை. பல வருடம் தாமதமாக வந்த ஒரு வாக்கியம், அதுவும் ஒரே ஒரு ஆளிடம். திருவண்ணாமலைப் பெண் அந்த அரக்குச் சேலையைக் கட்டிக்கொண்டு என்றோ கல்யாணம் செய்துகொண்டுவிட்டாள்.

இனி உன் தாளுக்கு வருகிறேன். நான் அதில் கையெழுத்துப் போடவில்லை. இன்று காலை, கடைக்குப் போகும் வழியில், தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் என் கையால் எழுதிய கடிதத்தை அனுப்பிவிட்டேன். இம்முறை பாதி எழுதவில்லை. எனக்கு எதையும் யாரும் விளக்கவில்லை என்று எழுதியிருக்கிறேன். தாளை நீட்டியவனும் சாட்சிக் கையெழுத்துப் போட்டவனும் என் மகன் என்று எழுதியிருக்கிறேன். அந்தத் தாளை அவன் அச்சடிக்கவில்லை, எல்லா வாடிக்கையாளருக்கும் அதே தாளைத்தான் அந்த ஷோரூம் நீட்டுகிறது, நேரத்தை நெருக்கிக் கையெழுத்து வாங்கும் வழியை அவனுக்கு அங்கேதான் கற்றுக்கொடுத்தார்கள், அவனை மட்டும் அனுப்பிவிட்டுத் தாளை வைத்துக்கொண்டால் நான் மறுபடியும் எழுதுவேன் என்றும் எழுதியிருக்கிறேன். மாகறல்காரர் பெயரில் இருக்கும் வாரண்டியைத் தொடவேண்டாம், எனக்குப் பணமும் வேண்டாம் என்று கடைசி வரி. உன் அப்பாவுக்கு இன்னும் தெரியாது. இன்று சாயங்காலம் சொல்லிவிடுவேன்.

உனக்கு என் மேல் கோபம் வரும். வரட்டும். பெற்றவள் இப்படிச் செய்வாளா என்று கேட்பாய். அந்தக் கேள்வியை நான் ஆறாவது தாளைப் பார்த்த அன்று, வேறு மாதிரி, எனக்குள் கேட்டுவிட்டேன். அதற்கு இன்னும் பதில் வரவில்லை. உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். எழுதினால் அது இன்னொரு பொய்த் தாள் ஆகிவிடும். மன்னிக்கும்போது சொல்கிறேன்.

தபால் திங்கட்கிழமை அங்கே சேரும் என்றார்கள். நாளை சனிக்கிழமை, உங்கள் தலைமை அலுவலகத்துக்கு வேலை நாள்தான். அங்கே என் புகாரை விசாரிக்கும் அதிகாரியின் எண் உன்னிடம் இருக்கிறது. அது போய்ச் சேருவதற்குள் நீயே பேசி, நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டால், திங்கட்கிழமை என் கடிதத்தைப் பிரிக்கும்போது அது நீ சொன்னதற்குச் சாட்சியாக இருக்கும். நீ சொல்லாமல் இருந்துவிட்டால், அதே கடிதம் உன்னைக் காட்டிக்கொடுக்கும். அதில் ஒரு எழுத்தைக்கூட இனி நான் மாற்ற முடியாது. அது எதுவாகப் போய்ச் சேரவேண்டும் என்பது நாளை ஒரு நாள் உன் கையில் இருக்கிறது.

அம்மா